கிடங்குக்கும் விற்பனை வண்டிக்கும் ஏற்ற கையடக்கக் கணினியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மருந்து மொத்த விற்பனைக் கிடங்கு ஒன்றில், ஒரு பெட்டி லாரியிலிருந்து இறங்கும் நேரம் முதல் மருந்துக்கடைக்குப் புறப்படும் நேரம் வரை, அதன் தொகுதி எண், காலாவதித் தேதி, எண்ணிக்கை ஆகிய மூன்றும் பல கைகளைக் கடந்து பதிவாகின்றன. சரக்கை இறக்கிச் சரிபார்ப்பவர், அலமாரியில் அடுக்குபவர், ஆர்டருக்கு எடுப்பவர், பெட்டி கட்டுபவர், கடைகளிலிருந்து திரும்பி வரும் காலாவதிச் சரக்கை ஏற்பவர் என ஒவ்வொருவரும் அதே எண்களை மறுபடியும் பார்த்துக் குறிக்க வேண்டியிருக்கிறது. தாளில் எழுதி, மாலையில் ஒருவர் அமர்ந்து கணினியில் ஏற்றும் முறையில் ஓர் எழுத்து பிசகினாலும், அந்தத் தொகுதி மருந்தைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளரிடமிருந்து அறிவிப்பு வரும் நாளில், அது எந்தெந்தக் கடைக்குப் போனது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. சரக்கு இருக்கும் இடத்திலேயே, அதைக் கையில் எடுக்கும்போதே பதிவை முடித்துவிடுவதற்காகத்தான் கையடக்கக் கணினி வாங்குகிறோம்.

விற்பனையாளர்கள் இதை பி.டி.ஏ., எச்.எச்.டி., மொபைல் கம்ப்யூட்டர் என்று பல பெயர்களில் குறிப்பிடுவார்கள். பார்கோடு படிக்கும் கருவி, திரை, இயங்குதளம், வைஃபை, தேவைப்பட்டால் சிம் அட்டை ஆகிய அனைத்தும் ஒரே உடலில் அடங்கி, கடினமான பயன்பாட்டைத் தாங்கும்படி கட்டப்பட்ட கணினி என்பதே அதன் பொருள். மருந்துக் கிடங்கை நான் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். சிறிய அச்சு, குளிரறை, காலாவதி, சட்டக் கட்டாயம், வெளியூர் விற்பனை வண்டி என இந்தக் கருவிக்கு வரக்கூடிய சோதனைகளில் பெரும்பாலானவை அங்கே ஒன்றாகவே வந்துவிடுகின்றன. உதிரிபாகக் கடை, பின்னலாடை ஏற்றுமதிக் கிடங்கு, மளிகை விநியோகம் ஆகியவற்றை நடத்துபவர்களும் தங்களுக்குப் பொருந்துவதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வேலையை எழுதிக்கொள்ளுங்கள்

கருவிகளின் விவரத்தாள்களைப் புரட்டுவதற்கு முன்பு, கிடங்கில் ஒரு முழு வேலைநாளைப் பார்த்துக் குறிப்பெடுங்கள். ஒருவர் ஒரு ஷிப்டில் ஏறத்தாழ எத்தனை முறை குறியீட்டைப் படிக்க வேண்டியிருக்கும், எவ்வளவு தொலைவிலிருந்து படிப்பார், படித்த பிறகு எண்ணிக்கையைக் கையால் அடிக்க வேண்டுமா, அப்போது அவருடைய மற்றொரு கையில் என்ன இருக்கும், கையுறை அணிந்திருப்பாரா, ஏணியில் நிற்பாரா, வெயிலில் நிற்பாரா என்பவை அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். இரண்டே பக்கம் வரும் இந்தக் குறிப்பு கையில் இருந்தால், விற்பனையாளரிடம் நீங்கள் கேள்வி கேட்பீர்கள். இல்லாவிட்டால் அவர் காட்டும் வரிசையில்தான் உங்கள் சிந்தனையும் போகும்.

இப்படி எழுதும்போது ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு வேறுபட்ட வேலைகள் இருப்பது பல இடங்களில் தெரியவரும். கிடங்குக்குள் நாள் முழுவதும் படித்துக்கொண்டே இருப்பவருக்குத் துப்பாக்கிப் பிடி உள்ள கருவி கைக்கு இதமாக இருக்கும். கடை கடையாகச் சென்று ஆர்டர் எடுத்து, பணம் வாங்கி, ரசீது கொடுக்கும் வண்டி விற்பனையாளருக்குச் சட்டைப்பையில் அடங்கும் மெல்லிய கருவியும் இடுப்பில் மாட்டும் சிறு புளூடூத் அச்சுப்பொறியும் வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரியை வாங்கினால் பராமரிப்பு எளிது என்பது உண்மை. ஆனால் அந்த எளிமைக்காக ஒருவரை நாள் முழுவதும் பொருந்தாத கருவியோடு போராட வைப்பது சரியன்று என்பது என் கருத்து. ஒரே உற்பத்தியாளரின் இரண்டு மாதிரிகளை வாங்கினால் மென்பொருள் அமைப்பும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், வேலையும் கெடாது.

எந்தக் குறியீட்டைப் படிக்கப் போகிறீர்கள்

தேர்வில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒற்றை லேசர் கோட்டால் படிக்கும் பழைய வகைக் கருவிகள், கோடுகளால் ஆன ஒருபரிமாண பார்கோடுகளை மட்டுமே படிக்கும். கியூ.ஆர். குறியீட்டையும், அதைப்போலவே சிறு சதுரங்களால் ஆன டேட்டா மேட்ரிக்ஸ் குறியீட்டையும் அவற்றால் படிக்க இயலாது. கைபேசித் திரையில் ஒளிரும் பார்கோட்டையும் அவை பொதுவாகப் படிப்பதில்லை. இமேஜர் எனப்படும் படம் பிடித்துப் படிக்கும் கருவி, இருபரிமாணக் குறியீடுகள் உட்பட அனைத்தையும், எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் படித்துவிடும்.

மருந்துத் துறையில் இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இல்லை. மருந்து விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எச்2 அட்டவணையில் உள்ள 300 மருந்து வணிகப் பெயர்களின் உறைகளில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது கியூ.ஆர். குறியீடு இருப்பது இந்தியாவில் கட்டாயமாகியுள்ளது. மருந்தின் பெயர், உற்பத்தியாளர், தொகுதி எண், உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, உரிம எண் ஆகியவை அந்தக் குறியீட்டில் இருக்க வேண்டும். மருந்துக்கு வெளியேயும் இதே திசையில்தான் உலகம் நகர்கிறது. 2027 முடிவுக்குள் சில்லறைக் கடைகளின் கல்லாக்கள் அனைத்தும் இருபரிமாணக் குறியீடுகளைப் படிக்கும் திறன் பெற வேண்டும் என்பதை, பார்கோடு தரநிலைகளை வகுக்கும் ஜி.எஸ்.1 என்ற உலக அமைப்பு இலக்காக வைத்திருக்கிறது. இந்த நிலையில் இன்று லேசர் மட்டும் உள்ள கருவியை, விலை குறைவு என்பதற்காக வாங்குவது எந்தத் தொழிலுக்கும் பயன் தராது.

இமேஜர் என்று முடிவான பிறகு, குறியீட்டின் அளவையும் தொலைவையும் பாருங்கள். விவரத்தாளில் படிப்புத் தொலைவை 'மில்' என்ற அலகோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மில்லிமீட்டர். கடைப் பொருள்களில் நாம் பார்க்கும் இ.ஏ.என்.-13 பார்கோட்டின் மெல்லிய கோடு இயல்பளவில் 0.33 மில்லிமீட்டர், அதாவது 13 மில். மருந்து உறையின் ஓரத்தில் நெருக்கமாக அச்சிடப்படும் குறியீடுகள் இதைவிட நுண்ணியவை. 13 மில் குறியீட்டை எவ்வளவு தூரத்திலிருந்தும் படிக்கிறது என்று பெருமையாகக் காட்டப்படும் கருவி, 5 மில் குறியீட்டை எந்தத் தொலைவில் படிக்கிறது, மிக அருகில் வைத்தால் படிக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். நீண்ட தொலைவுக்கான இமேஜர்கள் பல மீட்டர் உயரத்தில் இருக்கும் அலமாரித் தட்டின் பெயர்ச்சீட்டைத் தரையிலிருந்தே படிக்கக்கூடியவை. ஆனால் அவற்றில் சில, கையருகே இருக்கும் சிறு குறியீட்டில் தடுமாறும். உயர்ந்த அலமாரிகளும் ஏற்றித் தூக்கும் வண்டிகளும் (ஃபோர்க்லிஃப்ட்) இல்லாத கிடங்குக்கு வழக்கமான தொலைவுள்ள இமேஜரே போதும்.

பளபளக்கும் அலுமினியத் தாளில் அச்சிட்ட குறியீடு, வளைந்த புட்டியில் ஒட்டிய சீட்டு, குளிரறையிலிருந்து வெளியே எடுத்ததும் வியர்த்துப்போன பெட்டி, சுருங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் சீட்டு ஆகிய நான்கும்தான் உண்மையான தேர்வுத்தாள். உங்கள் கிடங்கிலிருந்து இப்படிப்பட்ட மோசமான சீட்டுகளைத் தேடி எடுத்து ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். எந்தக் கருவியைப் பார்க்கச் சென்றாலும் அந்தப் பெட்டியோடு செல்லுங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரி அட்டையில் உள்ள பார்கோடுகள் எந்தக் கருவியிலும் படிக்கப்பட்டுவிடும்.

குறியீட்டுக்குள் இருப்பதைப் பிரித்தெடுத்தல்

கருவி 'பீப்' என்று ஒலித்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஜி.எஸ்.1 முறையில் அமைந்த குறியீட்டுக்குள் பல தகவல்கள் ஒரே சரமாக வருகின்றன. 01 என்ற அடையாள எண்ணுக்குப் பின் 14 இலக்கப் பொருள் எண்ணும், 17-க்குப் பின் காலாவதித் தேதியும், 10-க்குப் பின் தொகுதி எண்ணும், 21-க்குப் பின் வரிசை எண்ணும் இருக்கும். பொருள் எண்ணுக்கும் தேதிக்கும் நீளம் நிலையானது. தொகுதி எண் 20 எழுத்துகள் வரை எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம் என்பதால், அது எங்கே முடிகிறது என்பதைக் காட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்பு எழுத்து இடப்படுகிறது. கருவியின் படிப்பு அமைப்பில் அந்தப் பிரிப்பு எழுத்தைக் கடத்தும்படி சொல்லாவிட்டால், தொகுதி எண்ணும் வரிசை எண்ணும் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாகப் பதிவாகும். வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகக்கூடிய பிழை இது. காலாவதித் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கமாக வரும். நாளின் இடத்தில் 00 இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். மென்பொருள் இதை அறிந்திருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

படித்த தகவல் உங்கள் செயலிக்கு எப்படிப் போகிறது என்பதும் முக்கியமானது. எளிய வழியில், விசைப்பலகையில் யாரோ அடித்ததுபோல எழுத்துகள் திரையில் விழும். இதில் கர்சர் வேறு கட்டத்தில் இருந்தால் தொகுதி எண் போய் எண்ணிக்கைக் கட்டத்தில் விழுந்துவிடும். சீப்ரா நிறுவனத்தின் டேட்டாவெட்ஜ் போன்ற உள்ளமைந்த மென்பொருள்கள், படித்த தகவலையும் குறியீட்டின் வகையையும் நேரடியாகச் செயலிக்கே அனுப்பும் வழியையும் வைத்திருக்கின்றன. செயலியை எழுதுபவர் இந்த இரண்டாவது வழியைப் பயன்படுத்த வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

விசைகளா, தொடுதிரையா

ஆண்ட்ராய்டு கருவிகள் வந்த பிறகு எல்லாமே தொடுதிரைக்கு மாறிவிட்டது என்று சொல்லப்படுகிறது. முழுமையாக அப்படி இல்லை. ஆண்டு இறுதி இருப்புக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு படிப்புக்குப் பிறகும் எண்ணிக்கையை அடிக்க வேண்டியவருக்கு, அழுத்தினால் விரலுக்குத் தெரியும் எண் விசைகள் மிகவும் உதவுகின்றன. அவர் கண் அலமாரியில் இருக்கும், விரல் தானாக 24 என்று அடித்துவிடும். கண்ணாடித் திரையில் இதற்காக ஒவ்வொரு முறையும் பார்வையைத் திருப்ப வேண்டும், ஈரக் கையிலும் கையுறைக் கையிலும் பிழை கூடும். ஆர்டருக்குச் சரக்கை எடுக்கும்போது, ஒரு படிப்புக்கு ஓர் அலகு என்று மட்டும் வேலை இருந்தால், பெரிய திரையுள்ள விசையில்லாக் கருவியே வேகமானது. கணக்கெடுப்பு ஆண்டுக்கு இரண்டு முறைதான், மற்ற நாள்களில் படிப்பது மட்டும்தான் என்றால், விசைப்பலகைக்காகத் திரையைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

திரையில் தமிழ் வர வேண்டும் என்பதை நான் வலியுறுத்துகிறேன். நம் கிடங்குகளில் சரக்கு எடுப்பவர்கள் பலர் மருந்துப் பெயரை ஆங்கிலத்தில் பார்த்து அடையாளம் காண்பார்கள். ஆனால் 'இந்தத் தொகுதி காலாவதியாக இன்னும் மூன்று மாதமே உள்ளது, வேறு தொகுதியை எடுக்கவும்' என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தால், அதைப் படிக்காமலேயே சரி என்ற பொத்தானை அழுத்திவிடுவார்கள். ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்து சரியாகவே தெரியும். செயலியை உருவாக்குபவர்தான் அதை மொழிபெயர்த்து, போதிய அளவில் பெரிதாக வைக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கிலத்துக்காக வரையப்பட்ட பொத்தான்களில் எழுத்து வெட்டுப்படும், ஆகவே முதல் மாதிரிப் பதிப்பிலேயே தமிழ்த் திரையைக் காட்டச் சொல்லுங்கள். சரியாகப் படித்ததற்கு ஓர் ஒலி, தவறான பொருளுக்கு முற்றிலும் வேறான ஒலியும் அதிர்வும் இருக்க வேண்டும். லோடு இறங்கும் இரைச்சலில் அதிர்வுதான் கையோடு பேசும்.

கீழே விழுவதும் தூசும் நீரும்

தூசையும் நீரையும் தாங்கும் திறனைக் காட்ட ஐ.இ.சி. 60529 என்ற தரநிலையின்படி ஐ.பி. எண் கொடுக்கப்படுகிறது. முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது நீருக்கு. ஐ.பி. 54 என்றால் தூசு ஓரளவு தடுக்கப்படும், தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி. 65 என்றால் தூசு முற்றிலும் புகாது, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கெடாது. 67 பெற்ற கருவி 65-இன் சோதனையையும் தானாகவே கடந்ததாக ஆகாது. மூழ்குவது வேறு, பீய்ச்சி அடிக்கப்படுவது வேறு. இரண்டும் தேவையென்றால் இரண்டு எண்களும் விவரத்தாளில் இருக்க வேண்டும். மருந்துக் கிடங்குக்கு 54 அல்லது 65 போதும். மழையில் செல்லும் விற்பனை வண்டிக்கும், மீன் பதனிடும் கூடத்துக்கும் 67 பார்ப்பது நல்லது. பஞ்சுத் துகள் பறக்கும் பின்னலாடைக் கூடத்தில் முதல் இலக்கம் 6 ஆக இருப்பதே முக்கியம். மருந்துத் துறையில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கருவியைச் சாராய அடிப்படையிலான கிருமிநாசினியால் நாள்தோறும் துடைப்பதாக இருந்தால், அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கால் செய்த மருத்துவமனை வகை மாதிரிகள் தனியாக உண்டு. சாதாரண உடல் காலப்போக்கில் விரிசல் விடும்.

விழுவதைத் தாங்கும் திறனுக்கு எம்.ஐ.எல்.-எஸ்.டி.டி.-810 என்ற அமெரிக்க இராணுவச் சோதனைமுறையைச் சுட்டுவார்கள். அதில் வழக்கமாக 1.22 மீட்டர் உயரத்திலிருந்து முகம், விளிம்பு, மூலை என 26 வகையாகப் போடுகிறார்கள். அந்த 26 வீழ்ச்சிகளை ஐந்து கருவிகள் வரை பகிர்ந்து நடத்தவும் அந்த முறை இடமளிக்கிறது. எனவே அந்தப் பெயர் மட்டும் இருப்பதால் மனநிறைவு அடைய வேண்டாம். எவ்வளவு உயரத்திலிருந்து, காங்கிரீட் தரையிலா பலகையிலா, எந்த வெப்பநிலையில், உறை போட்டா போடாமலா என்று கேளுங்கள். தோளுயரத்தில் பிடித்து வேலை செய்பவரின் கையிலிருந்து விழுவதற்கு 1.5 மீட்டர், ஏணியிலும் ஏற்றி வண்டியிலும் வேலை செய்பவருக்கு 1.8 மீட்டர் அல்லது அதற்கு மேல் காங்கிரீட்டில் தாங்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு. தொடர்ந்து உருண்டு விழும் சோதனையின் எண்ணிக்கையும் கொடுக்கப்பட்டிருந்தால், அது அன்றாடப் பயன்பாட்டுக்கு மேலும் நெருக்கமான அளவுகோல்.

குளிரறைக்குத் தனிக் கவனம் வேண்டும். தடுப்பூசியும் இன்சுலினும் இருக்கும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் அறை பெரும்பாலான கருவிகளுக்குச் சிக்கல் தராது. ஆனால் அங்கிருந்து வெளியே வந்ததும் படிக்கும் சாளரத்தில் நீர்த்துளி படிந்து சில நிமிடங்கள் படிக்காமல் போகும். பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியிலும் அதற்கும் கீழும் இயங்கும் உறைநிலைக் கிடங்குகளுக்கு, சாளரத்தையும் திரையையும் சூடாக்கும் அமைப்புள்ள தனி மாதிரிகளே பொருந்தும்.

பேட்டரியும் நம் ஊர் வெயிலும்

பேட்டரி பற்றி விவரத்தாளில் இருக்கும் மணிநேரக் கணக்கை நம்பித் திட்டமிட வேண்டாம். திரையின் ஒளி, படிப்புகளின் எண்ணிக்கை, வைஃபை இணைப்பு தேடும் நேரம் ஆகியவை அதை மாற்றிவிடும். லித்தியம் அயன் பேட்டரி ஒவ்வொரு மின்னேற்றத்திலும் சிறிது திறன் இழக்கும், வெப்பத்தில் அந்த இழப்பு வேகமாகும். ஆகவே புதிய பேட்டரி ஷிப்டின் முடிவில் மூன்றில் ஒரு பங்காவது மீதி வைத்திருந்தால்தான் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் அது ஷிப்டைத் தாண்டும். கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாற்றும் சில நொடிகளில் கருவி அணைந்துவிடாமல் இருக்கும் வசதியும் இருந்தால் மேலும் நல்லது.

பெரும்பாலான கருவிகள் 50 டிகிரி வெப்பத்திலும் இயங்கும் என்று விவரத்தாள் சொல்லும். அதே தாளில் மின்னேற்றத்துக்கான வெப்ப எல்லை தனியாக இருக்கும். அது பல மாதிரிகளில் 40 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் வெளியிலேயே 40-ஐத் தாண்டும்போது, தகரக் கூரைக்குக் கீழே மின்னேற்றும் தொட்டிலை வைத்தால், கருவி இரவு வரை மின்னேறாமல் தன்னைக் காத்துக்கொண்டு சும்மா இருக்கும். தொட்டில்களைக் காற்றோட்டமான அலுவலக அறையில் வையுங்கள். வண்டியின் முன்பலகையில் கருவியை விட்டுச் செல்லக் கூடாது என்பதை வண்டி விற்பனையாளர்களிடம் எழுத்திலேயே கொடுங்கள். வெயிலில் திரை தெரிய 500 நிட்டுக்கு மேல் ஒளிர்வு வேண்டும்.

இணைப்பு

கிடங்கில் வைஃபை அடிக்கடி அறுபடுவதற்குக் கருவியைக் குறை சொல்வார்கள். உலோக அலமாரிகளும், திரவம் நிறைந்த பெட்டி அடுக்குகளும், தகரக் கூரையும் அலைகளைத் தடுத்தும் எதிரொலித்தும் குழப்புவதே பெரும்பாலான இடங்களில் காரணம். கருவி வாங்குவதற்கு முன்பு, சரக்கு நிறைந்திருக்கும் நாளில் வைஃபை அளவை எடுங்கள். காலிக் கிடங்கில் எடுத்த அளவு பயன்படாது. கருவி 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவதோடு, ஒரு வைஃபை அணுகுமுனையிலிருந்து (ஆக்சஸ் பாயின்ட்) மற்றொன்றுக்குத் தடையின்றித் தாவ உதவும் 802.11 கே, ஆர், வி ஆகிய மூன்று தரங்களையும் ஏற்க வேண்டும்.

வெளியே செல்லும் கருவிக்குச் சிம் வேண்டும். ஜியோ வலையமைப்பில் 2ஜி, 3ஜி இரண்டும் இல்லை. ஏர்டெல் 2020-இலேயே 3ஜி சேவையை நிறுத்திவிட்டது. எனவே 4ஜி கட்டாயம், அதிலும் இந்தியாவில் பயன்படும் 3, 5, 40 போன்ற அலைவரிசைப் பட்டைகள் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த கருவியை மலிவாகக் கொண்டுவந்து விற்பவரிடம் வாங்கினால் இந்தப் பட்டைகள் சில இல்லாமல் போகலாம், உத்தரவாதமும் இங்கே செல்லாமல் போகலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவும் கம்பியில்லாக் கருவிகளுக்கான ஒப்புதலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது இல்லாத நேரத்திலும் வேலை நிற்காதபடி செயலி இருக்க வேண்டும். பதிவுகள் கருவியிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு வந்ததும் தாமாக ஏற வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் கருவியிலேயே உருவாகும் தனி அடையாளம் இருந்தால்தான், பாதியில் அறுந்து மறுபடி ஏறும்போது ஒரே சரக்கு இருமுறை கழியாது. டேலி கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள், கருவியிலிருந்து நேராக அதற்குள் எழுதுவதைவிட, இடையில் ஒரு சிறு வழங்கியில் (சர்வர்) பதிவுகளைச் சேர்த்து, சரிபார்த்து, பிறகு எக்ஸ்.எம்.எல். என்ற தரவு வடிவத்தின் வழியாக டேலிக்கு அனுப்புவதே பாதுகாப்பானது.

எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும்

இந்தக் கருவிகளில் உடல் தேய்வதற்கு முன்பே இயங்குதளம் முதுமை அடைந்துவிடுகிறது. ஒரு காலத்தில் கிடங்குகளை ஆண்ட விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. அந்தக் கருவிகள் இன்னும் இரண்டாம் கை விற்பனையில் கிடைக்கின்றன. படிக்கும் பாகம் நன்றாகவே இருந்தாலும் புதிய செயலிகளும் பாதுகாப்பான இணைப்பு முறைகளும் அவற்றில் இயங்காது. பழைய கருவிகளின் மேல் சிம்பல், மோட்டோரோலா, இன்டர்மெக் போன்ற பெயர்களைப் பார்க்கலாம். சிம்பல் 2007-இல் மோட்டோரோலாவிடமும், அந்தப் பிரிவு 2014-இல் சீப்ராவிடமும் சென்றன. இன்டர்மெக் 2013-இல் ஹனிவெல்லுடன் இணைந்தது. அந்தப் பெயர்கள் கொண்ட கருவிக்கு இன்று பேட்டரியும் தொட்டிலும் தேடுவது கடினமான வேலை.

ஆண்ட்ராய்டுக் கருவியில் கேட்க வேண்டிய கேள்விகள்: இந்த மாதிரி எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது, இன்னும் எத்தனை ஆண்டு உற்பத்தியில் இருக்கும், உற்பத்தி நின்ற பிறகு எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்களும் உதிரிகளும் கிடைக்கும், அடுத்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கு மாற்றும் உறுதி உண்டா, திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூகுளின் ஆண்ட்ராய்டு என்டர்பிரைஸ் ரெக்கமெண்டட் பட்டியலில், கடினப் பயன்பாட்டுக் கருவிகளுக்கென 2018 முதல் தனிப் பகுதி இருக்கிறது. அதில் இருக்கும் மாதிரி என்றால் மேலாண்மைக்கும் திருத்தங்களுக்கும் ஒரு குறைந்தபட்ச உறுதி இருப்பதாகக் கொள்ளலாம். நான்கு ஆண்டுக்கு முன் வந்த மாதிரியைத் தள்ளுபடியில் வாங்கினால், அதன் ஆயுளில் பாதியை வேறொருவர் பயன்படுத்திய பிறகு வாங்குவதாகவே பொருள்.

பத்துக் கருவிகளுக்கு மேல் வாங்கினால், அவற்றை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளையும் சேர்த்தே திட்டமிடுங்கள். வேலைக்கான செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி பூட்டுவது, புதிய பதிப்பை இரவில் ஏற்றுவது, தொலைந்த கருவியிலுள்ள தகவலைத் தொலைவிலிருந்தே அழிப்பது ஆகியவை அதனால் இயலும். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கருவியில் தங்குகின்றன என்றால், 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

சாதாரணக் கைபேசி போதாதா

சில இடங்களில் போதும். நாளுக்குச் சில பத்து முறை மட்டும் படிக்கும் சிறு கடைக்கு, நல்ல கேமரா உள்ள கைபேசியும் ஒரு செயலியும் நிறைவாகவே வேலை செய்யும். படிப்பு கூடினால், அதோடு புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். நாளுக்குப் பல நூறு முறை படிக்கும் இடத்தில் கேமரா ஒவ்வொரு முறையும் குவியம் தேடும் நேரம் கூடிக்கூடி, பணியாளர் படிப்பதையே தவிர்த்து எண்ணைக் கையால் அடிக்கத் தொடங்கிவிடுவார். கருவி வாங்கியதன் நோக்கமே அங்கே போய்விடும். கடைகளில் விற்கும் கைபேசி மாதிரிகள் ஓராண்டுக்குள் மாறிவிடுவதால், அடுத்த ஆண்டு மேலும் ஐந்து வாங்கும்போது அதே மாதிரி கிடைக்காது, உறையும் மின்னேற்றியும் பொருந்தாது.

சோதனை ஓட்டமும் வாங்கும் ஆணையும்

இரண்டு அல்லது மூன்று மாதிரிகளைத் தேர்ந்த பிறகு, ஒவ்வொன்றிலும் ஓரிரு கருவிகளை இரண்டு வாரத்துக்குக் கேட்டு வாங்குங்கள். தொழிலில் அக்கறை உள்ள விற்பனையாளர் இதற்கு மறுக்கமாட்டார். கணினியில் கெட்டிக்காரரான இளைஞரிடம் மட்டும் கொடுக்காமல், கிடங்கில் நெடுங்காலம் வேலை செய்யும், கண்ணாடி அணிந்து படிக்கும் ஒருவரிடமும், இடக்கைப் பழக்கமுள்ளவர் இருந்தால் அவரிடமும் கொடுங்கள். உங்கள் செயலியையே அதில் ஏற்றி, உண்மையான ஆர்டர்களையே எடுக்கச் சொல்லுங்கள். நூறு வரிகள் கொண்ட ஆர்டரை முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை முறை படிக்காமல் கையால் அடித்தார்கள், ஷிப்ட் முடிவில் பேட்டரி எவ்வளவு மீதி, மணிக்கட்டு வலித்ததா என்பவற்றை நாள்தோறும் எழுதுங்கள். கையால் அடித்த எண்ணிக்கைதான் இவற்றுள் எனக்கு மிகவும் நம்பிக்கையான அளவு. அது குறைவாக உள்ள கருவி, விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், பெரும்பாலும் சரியான கருவியாக இருக்கும்.

விலையை ஒப்பிடும்போது கருவியின் விலையை மட்டும் எடுக்காமல், கூடுதல் பேட்டரி, தொட்டில், இடுப்பு உறை, திரைக்காப்பு, நிர்வாக மென்பொருளின் ஆண்டுக் கட்டணம், பழுதுபார்ப்பு ஒப்பந்தம் ஆகியவற்றையும் சேர்த்து, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிடுங்கள். பழுதுபார்ப்பு ஒப்பந்தத்தில் திரை உடைவது அடங்குமா என்பதைப் பாருங்கள். சாதாரண உத்தரவாதத்தில் கீழே விழுந்து உடைவது பொதுவாக அடங்காது. பழுதான கருவி எந்த ஊருக்கு அனுப்பப்படும், திரும்பி வர எத்தனை நாள், அதுவரை மாற்றுக் கருவி உண்டா என்பவை ஆணையில் எழுதப்பட வேண்டும். மாற்றுக் கருவி கிடையாது என்றால் பத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கருவிகள் வந்து சேர்ந்ததும், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, எந்தப் பணியாளர் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதற்கான பதிவை முதல் நாளிலேயே தொடங்குங்கள். பேட்டரியின் மேல் பயன்பாட்டுக்கு வந்த மாதத்தை எழுதி ஒட்டுங்கள். பழைய கருவிகள் இருந்தால், அவற்றிலுள்ள தகவலை முழுமையாக அழித்து, மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ரசீதுடன் ஒப்படையுங்கள். வீங்கிய பேட்டரிகள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பிரித்து, மின்னேற்றாமல், எரியக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, முதலில் அவற்றை அனுப்பிவிடுங்கள்.